டேண்டம் சைக்கிள் வழியில் மக்கர் பண்ணினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் வீட்டுக்காரரும் ஒரே சைக்கிளில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் டீக்கடையில் இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் விலை கேட்பார்கள். மூன்றாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வழியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" புதிதாக டேண்டம் வாங்கிய நாலைந்து ஜோடிகளும் போன் போட்டு இதையேதான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

அப்பா வீரவநல்லூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு. எங்கள் வண்டியில் நான் பின்சீட்டு. ஆகவே இங்கே இருப்பதெல்லாம் பின்சீட்டிலிருந்து பார்த்த விஷயங்கள். தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது, தூத்துக்குடி அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் ஓட்டுகிற சாலைகள் எல்லாவற்றுக்கும் எனக்கு இன்னும் திருநெல்வேலிச் சீமை என்றுதான் வாயில் வருகிறது.

டேண்டம்னா ரெண்டு பேர் ஓட்டுறது, சரி. சாதா சைக்கிளை விட ரிப்பேர் அதிகமா வருமா?

அதிகம் வராது, ஆனால் வேறு மாதிரி வரும். சாதா சைக்கிளில் ஒரு செயின். டேண்டத்தில் இரண்டு. முன்னால் இருப்பவரின் பெடலையும் பின்னால் இருப்பவரின் பெடலையும் இணைப்பது இடது பக்கச் செயின். பின்னவரின் பல்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது வலது பக்கச் செயின். பெரும்பாலான டேண்டங்களில் இதுதான் அமைப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது விஷயம் எடை. இரண்டு பேர், வண்டி, பை எல்லாம் சேர்த்து சுலபமாக 160 கிலோ வந்துவிடும். தாங்குவதற்கு இருப்பதோ அதே இரண்டு சக்கரம்தான். அதனால் தொந்தரவு எல்லாம் பின்சக்கரம், டயர், பிரேக் இந்த மூன்றையே சுற்றி வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பார்க்கணும்?

கிளம்பும் காலையில் பார்க்காதீர்கள். அஞ்சு மணி இருட்டில் ஒரு கோளாறு கண்ணில் பட்டால் "பரவாயில்லை, போகலாம்" என்றுதான் மனசு சொல்லும். முந்தின நாள் சாயங்காலமே பாருங்கள். பின்சக்கரத்தின் ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் விரலால் சுண்டினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் தொளதொள என்றால் அதுதான் நாளைக்கு உங்களை உட்கார வைக்கப்போவது. டயரில் வெட்டு, முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்று பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, ஹேண்டில்பார் இறுக்கமாக இருக்கிறதா, இடது செயின் தொங்குகிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? ஒரு கடையையே மூட்டை கட்டணுமா?

வேண்டாம். எங்கள் பையில் இருப்பது இவ்வளவுதான்: இரண்டு டியூப், ஒட்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும், டயர் கழற்றும் நெம்பு மூன்று, கைப்பம்பு, ஆலன் கீ, சக்கரக் கம்பியை இறுக்கும் குட்டி நட்டை, அதாவது நிப்பிளை, திருகும் சாவி, செயின் பின்னைத் தள்ளும் கருவி, கையால் பூட்டும் செயின் இணைப்பு இரண்டு, ஒரு சாண் நீளச் செயின் துண்டு, பிளாஸ்டிக் கட்டு வார் பத்து, பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு, பழைய பனியன் துணி. இதற்கு மேல் டேண்டத்துக்கென்றே இரண்டு: நம் சக்கரத்துக்கு நீளம் பொருந்துகிற போக்ஸ் கம்பிகளும், பின்பக்கத்துக்கான நீள கேபிளும். இவை இரண்டும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது. மற்றதை மறந்தால்கூட எங்காவது சமாளித்துவிடலாம்.

கம்பிகளைப் பைக்குள் போட்டால் வளைந்துவிடும். வண்டியின் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

ஏன், வழியில எத்தனை சைக்கிள் கடை இருக்கு. அவங்க பார்க்க மாட்டாங்களா?

பார்ப்பார்கள். சில வேலைகளை நம்மைவிட ஆயிரம் மடங்கு நன்றாகவே பார்ப்பார்கள். பஞ்சர், சக்கரக் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் குண்டு மாற்றி கிரீஸ் வைப்பது, வளைந்ததை நிமிர்த்துவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. டேண்டம் பின்சக்கரத்தில் 40 கம்பி என்றதும் பெருநகரத்து ஷோரூம் பையன்கள் ஆச்சரியப்படுவார்கள். நம் ஊர் அண்ணாச்சிக்கு அது ஒன்றும் புதிதில்லை. நம் பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிதானே. களக்காட்டுப் பக்கம் ஒரு பெரியவர் எங்கள் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கட்டைவிரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்தே கோட்டம் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, பதிலுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்.

முடியாதவையும் உண்டு. கியர் பற்சக்கர அடுக்கைக் கழற்றும் கருவி அவர்களிடம் இருக்காது. டிஸ்க் பிரேக் பழக்கம் குறைவு. மெல்லிய ஊசி மாதிரி இருக்கும் வால்வுக்கு அவர்கள் பம்பு பொருந்தாது. இந்த மூன்றுக்கும் நீங்களே தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, அவர் சுத்தியலை எடுத்தால் "அண்ணாச்சி, இது அலுமினியம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பஞ்சர் ஆனா யார் பார்க்கணும், முன்னாடி இருக்கிறவரா பின்னாடி இருக்கிறவரா?

பஞ்சரை முதலில் உணர்கிறவர் பெரும்பாலும் பின்னவர்தான். பின்டயரில் காற்று இறங்கும்போது சீட்டுக்கு அடியில் வண்டி மெத்தென்று ஆடும். முன்னால் இருப்பவருக்கு அது தெரிய நேரமாகும். அந்த அரை நிமிஷத்துக்குள் 160 கிலோவும் ரிம்மில் உட்கார்ந்து டியூபை நார்நாராக்கிவிடும். எனவே சந்தேகம் வந்ததுமே சத்தமாகச் சொல்லுங்கள். நான் "காத்து!" என்று ஒரே சொல்லில் சொல்வேன், இவர் பிரேக் போட்டுவிடுவார். தப்பாக இருந்தாலும் குற்றமில்லை. முன்டயர் என்றால் ஹேண்டில்பார் கனக்கும், அது முன்னவருக்கு உடனே தெரியும். அப்போது முன்பிரேக்கைத் தொடாமல் பின்பிரேக்கில் மெதுவாக நிறுத்த வேண்டும்.

நின்ற பிறகு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தைக் கழற்ற. நீள வண்டி என்பதால் தனியாளாகச் சாய்த்து வைத்தால் உருண்டு விழுந்து கியர் வளைந்துவிடும். ஒருவர் டியூபை மாற்றும்போதே இன்னொருவர் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவி முள்ளைத் தேட வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள், உடைமுள் நகக்கண்ணில் ஏறினால் அன்றைக்குப் பயணம் அவ்வளவுதான்.

ஒட்டு போட்டாச்சு, திரும்பத் திரும்ப அதே டயர் பஞ்சர் ஆகுது. ஏன்?

மூன்றே காரணம். முதலாவது, முள்ளின் நுனி டயருக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கத்து உடைமரத்து முள் டயருக்குள் ஏறியதும் வெளியே ஒடிந்து, உள்ளே ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. டியூபை வால்வோடு டயரின் மேல் அதே நிலையில் வைத்து, ஓட்டை எங்கே வருகிறதோ அந்த இடத்தில் தேடுங்கள். இதற்காகவே டயரில் எழுதியிருக்கும் பெயருக்கு நேராக எப்போதும் வால்வு வருகிற மாதிரி மாட்டி வைப்பது என் பழக்கம்.

இரண்டாவது, டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை. காற்று குறைவாக இருந்து, குழியில் விழுந்தபோது ரிம் கடித்த கடி. மூன்றாவது, ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் ரிம்முக்குள் போடும் பட்டை விலகி, கம்பி ஓட்டையின் விளிம்பு டியூபைக் கிழித்திருக்கிறது. பட்டையைச் சரி செய்யாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் வீண்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? பெட்ரோல் பங்க்ல அடிக்கலாமா?

டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அளவு எழுதியிருக்கும். தனியாள் சைக்கிளில் அதற்கு நன்றாகக் கீழே வைத்து ஓட்டுவார்கள். டேண்டத்தில் கிட்டத்தட்ட அதை ஒட்டியே வைக்க வேண்டும். நாங்கள் 32 மில்லிமீட்டர் டயருக்கு 85-லிருந்து 90 பிஎஸ்ஐ வரை வைக்கிறோம், பின்னால் கொஞ்சம் கூட. முடிந்தால் இன்னும் அகலமான டயர் போடுங்கள். நம் சாலைகளுக்கு அதுதான் நல்லது.

மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்த வால்வு என்றால் பங்கில் அடிக்கலாம். ஊசி வால்வு என்றால் ஒரு சின்ன பித்தளை மூக்கு வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். ஆனால் பங்கு பையனிடம் குழாயைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். சைக்கிள் டியூபின் கொள்ளளவு குறைவு, கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்துவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

டயரே பக்கவாட்டுல கிழிஞ்சுட்டா?

கையோடு கொண்டுவந்த பழைய டயர் துண்டை உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து மெதுவாகப் போங்கள். கிழிந்தது முன்டயர் என்றால் அதைப் பின்னுக்கு மாற்றி நல்லதை முன்னால் போடுங்கள். பின்டயர் வெடித்தால் வண்டி நெளியும், சமாளிக்கலாம். முன்டயர் வெடித்தால் இருவரும் தரையில்.

இடது பக்கச் செயின் அடிக்கடி கழண்டு விழுது. ஊர்க் கடையில காட்டினா ஒண்ணும் புரியலைன்னுட்டாங்க.

புரியாததில் ஆச்சரியமில்லை. சாதா சைக்கிளில் செயின் தொங்கினால் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்குவார்கள். இடது செயின் பின்சக்கரத்துக்கே போவதில்லையே, எதை இழுப்பது? அதை இறுக்கும் இடம் முன்னவரின் பெடல் அச்சு. அந்த அச்சு ஒரு பெரிய உருளைக்குள், நடுவில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு எக்சென்ட்ரிக் என்று பெயர். பூட்டியிருக்கும் ஆலன் போல்ட்டைத் தளர்த்தி உருளையைத் திருப்பினால் அச்சு முன்னே போகும், செயின் இறுகும். சில வண்டிகளில் இதற்குப் பதிலாகச் செயினை அழுத்தும் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும்.

எவ்வளவு இறுக்குவது? நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். பல்சக்கரம் எதுவும் துல்லியமான வட்டம் இல்லை. பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே, செயின் எந்த நிலையில் அதிகம் விறைக்கிறதோ அந்த நிலையில்தான் இதை அளக்க வேண்டும். வீணைக் கம்பி மாதிரி இறுக்கிவிட்டால் பேரிங் போய்விடும். இறுக்கிய பிறகும் விழுந்தால் பல்சக்கரத்தின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டு பேரின் பெடலும் ஒரே நிலையில் நிற்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பல்சக்கரத்தில் 36 பல் என்றால் ஒரு பல் தள்ளி மாட்டினாலே 10 பாகை விலகிவிடும். ஓட்டும்போது என்னவோ நொண்டுகிற மாதிரி இருக்கும், காரணம் பிடிபடாது. நான் இரண்டு பல்சக்கரத்திலும் ஒரு பல்லுக்கு நகப்பூச்சு அடித்து அடையாளம் வைத்திருக்கிறேன்.

செயின் அறுந்தே போயிட்டா?

எந்தச் செயின் என்பதைப் பொறுத்தது. முதல் பதிலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இடது செயின் அறுந்தால் முன்னவரின் பெடல் சும்மா சுற்றும், அவ்வளவுதான். பின்னவர் மட்டும் மிதித்து வண்டியை ஓட்டலாம். கயத்தாறு தாண்டி ஒருமுறை எங்களுக்கு அப்படி ஆனது. இணைப்பு வாங்க மறந்திருந்தோம். அடுத்த 11 கிலோமீட்டரும் நான்தான் மிதித்தேன், இவர் ராஜா மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திசை காட்டிக்கொண்டு வந்தார். இதை வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

வலது செயின் அறுந்தால் இருவரும் நடைதான், சரி செய்யும்வரை. உடைந்த கண்ணியைக் கழற்றிவிட்டு இணைப்பைப் போடுங்கள். ஒரு கண்ணி குறைந்தால் வலது செயின் தாங்கும். ஆனால் முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்ற கியருக்கு மட்டும் போகக்கூடாது. இடது செயினோ அளவு பிசகாமல் இருக்க வேண்டும், கண்ணியைக் குறைத்தால் எக்சென்ட்ரிக்கைத் திருப்பி ஈடு கட்ட முடியாமல் போகலாம். அதற்குத்தான் ஒரு சாண் செயின் துண்டு. நாங்கள் இரண்டு பக்கமும் ஒரே 9 கியர் செயினையே போட்டிருக்கிறோம், ஒரே இணைப்பு இரண்டுக்கும் உதவும். 8 கியர் இணைப்பை 10 கியர் செயினில் மாட்டப் பார்க்காதீர்கள்.

அறுவதற்கு முன்பே மாற்றுவது இன்னும் நல்லது. புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அதற்கடுத்த 24-வது பின்வரை சரியாக 12 அங்குலம். அது பன்னிரண்டேகாலை எட்டுகிறவரை காத்திருக்காதீர்கள். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டாலே செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகிவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேறு ஒன்றும் இல்லாவிட்டால் விடலாம், கிறீச்சென்று ஓடுவதற்கு அது மேல். ஆனால் பிசுபிசுத்து மண்ணை இழுத்துக்கொள்ளும். டெய்லர் கடையில் தையல் மிஷின் எண்ணெய் கேட்டு வாங்குங்கள், அன்றைய பொழுதுக்குப் போதும். சைக்கிள் கடையில் கறுப்பாக ஒரு டப்பாவில் வைத்திருப்பார்களே, அந்தக் கழிவு என்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம்.

திசையன்விளை, உடன்குடி பக்கம் போனால் தேரி மண் செயினில் அப்பிக்கொள்ளும். அந்தச் சிவப்பு மணல் எண்ணெயோடு சேர்ந்தால் அரத்தூள் மாதிரி அறுக்கும். அங்கே எண்ணெய் விடாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். உவரி, மணப்பாடு கடற்கரைச் சாலையில் உப்புக்காற்று. வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துரு பிடித்திருக்கும். உடன்குடி போனால் கருப்பட்டி வாங்க மறக்காதீர்கள், அது ரிப்பேர் சம்பந்தப்பட்டதில்லை.

போக்ஸ் கம்பி உடைஞ்சா ஓட்டலாமா?

உடையும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும், கல் தெறித்த மாதிரி. பின்னவருக்கு நேர் கீழே நடக்கிற விஷயம், கேட்டவுடன் நிறுத்தச் சொல்லுங்கள். உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலது பக்கம், பற்சக்கரம் இருக்கும் பக்கம். அந்தப் பக்கக் கம்பிகள்தான் அதிக இழுப்பில் இருக்கும். முதலில் உடைந்த கம்பியை வெளியே எடுங்கள், வரவில்லை என்றால் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டிவிடுங்கள்.

வலது கம்பி உடைந்தால் ரிம் இடது பக்கம் ஒதுங்கும். அதன் இரு பக்கமும் இருக்கிற இடது கம்பிகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினால் ரிம் திரும்ப நடுவுக்கு வரும். பிரேக் கட்டையில் உரசாத அளவுக்கு வந்தால் போதும், அழகு பார்க்க வேண்டாம். 36 அல்லது 40 கம்பியில் ஒன்று போனால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். இரண்டாவதும் போனால் ஓட்டாதீர்கள், அப்புறம் வரிசையாகப் போகும்.

வலது பக்கத்துக்குப் புதுக் கம்பி மாட்ட வேண்டுமென்றால் பற்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். வழியில் அது நடக்காத காரியம். மாற்றாக, நார்க்கயிறு மாதிரி ஒரு தற்காலிகக் கம்பி கிடைக்கிறது. அடுக்கைக் கழற்றாமலே ஓட்டைக்குள் நுழைத்து நிப்பிளில் இறுக்கலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் ஒன்று வாங்கி வைப்பது வீண் போகாது. ஊர்க் கடைக் கம்பி நீளம் ஒத்துவராது.

கியர் மாற மாட்டேங்குது, கேபிள் அறுந்துபோச்சுன்னு நினைக்கிறேன்.

சாதா கியர் கேபிள் ஏறத்தாழ 2 மீட்டர்தான். டேண்டத்தின் பின்கியருக்கு அது பாதி முதுகுவரைதான் வரும். அதனால்தான் 3 மீட்டருக்குக் குறையாத கேபிளைக் கொண்டுவரச் சொன்னேன். இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. கேபிள் அறுந்ததும் செயின் பின்னால் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குப் போய்விடும், அதில் மேடு ஏற முடியாது. பின்சக்கரத்துப் பக்கம் செயினை நகர்த்துகிற கியர்க் கையைப் பிடித்து நடுப் பல்சக்கரத்துக்குத் தள்ளி, மீதியிருக்கும் கேபிளை இழுத்துத் தண்ணீர் பாட்டில் கூண்டின் திருகில் கட்டிவிடுங்கள். ஒற்றைக் கியர் வண்டியாக வீடு வந்து சேரலாம். அம்பாசமுத்திரம் வட்டாரத்துச் சமதளத்துக்கு அது தாராளம்.

இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போயிடுமா? எனக்கு அதுதான் பயம்.

பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். ஒரு கணக்கு சொல்கிறேன். 160 கிலோ 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 470 கிலோஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்கில் சூடாகும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அந்தச் சூடு டியூபுக்குப் போகும், ஒட்டுப் பிரியும், டயர் வெடிக்கும். எண்ணெய் டிஸ்க் பிரேக் என்றால் எண்ணெய் கொதித்து லீவர் தொளதொளத்துப்போகும்.

புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது லாரி முன்னாலும் பின்னாலும் இருக்கும், வேகம் விடவும் முடியாது. தொடர்ந்து மெலிதாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் மோசம். வேகத்தை விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, திரும்ப விடுங்கள். முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே ஓரம் கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். தொட்டும் பார்க்காதீர்கள். அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள் மூன்றாவதாக ஒரு பிரேக் வைத்து அதன் பிடியைப் பின்னவரிடம் கொடுப்பதும் உண்டு.

'டிக் டிக்'னு ஒரு சத்தம். எங்கேயிருந்துன்னே தெரியல.

நீள வண்டியில் சத்தம் சட்டத்துக்குள்ளேயே ஓடும். முன்னால் வருவது பின்னால் வருவது மாதிரி கேட்கும். வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்துங்கள். அப்போதும் கேட்டால் சக்கரம், டயரில் ஒட்டிய கல், மட்கார்டு. நின்றுவிட்டால் பெடல், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், செயின். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் செயின் அநேகமாக இல்லை, பெடலோ கிராங்கோதான். அடுத்து முன்னவர் காலைப் பெடலில் இருந்து எடுத்துவிட, பின்னவர் மட்டும் மிதிக்கட்டும். அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். எழுந்து நின்று மிதித்தால் நிற்கிறதா? அப்படியென்றால் சீட்டுக் கம்பி.

ஒருமுறை திருச்செந்தூர் சாலையில் ஸ்ரீவைகுண்டம்வரை இந்த ஆராய்ச்சி நடந்தது. சுற்றுக்கு ஒரு 'டிக்', நான் மிதித்தால் மட்டும். பெடலைக் கழற்றிக் கிரீஸ் வைத்து மாட்டியும் போகவில்லை. கடைசியில் என் கொலுசு கிராங்கில் தட்டிய சத்தம் அது. ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. காற்று இரைச்சலில் எந்தச் சத்தமும் கேட்காது. அங்கே நிற்கும்போதெல்லாம் கையால் தொட்டு ஆட்டிப் பாருங்கள்.

கிராங்க் லேசா ஆடுது. வீட்டுக்குப் போய் இறுக்கிக்கலாம்தானே?

கூடாது, இந்த நிமிஷமே இறுக்குங்கள். தளர்ந்த கிராங்கை நாலு கிலோமீட்டர் மிதித்தால் அதன் ஓட்டை வட்டமாகத் தேய்ந்து, அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெடல் என்றால் இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி: பெடலின் அச்சை மேலிருந்து முன்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கினால் கழலும்.

பெடல் ரெண்டு பேருக்கும் சுத்துது, செயினும் ஓடுது, வண்டி மட்டும் நகரல!

ப்ரீவீலின் உள்ளே இருக்கும் நாக்கு போய்விட்டது. இரண்டு பேர் பலத்தையும் அந்தச் சின்ன நாக்குகள்தான் தாங்குகின்றன. வழியில் சரி செய்ய முடியாது. கடைசி வழி, பெரிய பற்சக்கரத்தைப் பின்சக்கரக் கம்பிகளோடு பிளாஸ்டிக் வாரால் பல இடத்தில் இறுக்கிக் கட்டுவது. அப்போது பெடல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மிதிப்பதை நிறுத்தவே முடியாது. சமதளத்தில், நடைவேகத்தில், அடுத்த ஊர்வரைக்கும் மட்டும். இறக்கம் இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள்.

முன்னாடி இருக்கிறவர் மட்டும் வண்டியைக் கடைக்கு ஓட்டிட்டுப் போகலாமா?

இடது செயின் நன்றாக இருந்தால் போகலாம். அது அறுந்திருந்தால் முடியாது, ஏன் என்று மேலே சொல்லியாயிற்று. பின்சீட்டில் ஆள் இல்லாதபோது பின்சக்கரத்தில் எடை இருக்காது, பின்பிரேக்கை அழுத்தினால் சறுக்கும். நீளம் பழகியவர்களே ஓட்டட்டும்.

அதைவிட நல்ல வழி, ஒருவர் வண்டியோடு நிழலில் உட்கார, மற்றவர் போய்ச் சாமானை வாங்கி வருவது. இதற்காகவே மேற்கே போகும்போது ரயில் பாதையை ஒட்டிய சாலையைத் தேர்ந்தெடுப்போம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று வழியெல்லாம் ஸ்டேஷன். பஸ்ஸும் உண்டு.

எப்போ 'போதும், வீட்டுக்குப் போவோம்'னு முடிவு பண்றது? இவ்வளவு நீளத்தை எதுல ஏத்துறது?

சட்டத்தில் விரிசல், முன்போர்க் வளைவு, ரிம் பிளவு, முன்பிரேக் இல்லாமை. இந்த நாலில் ஒன்று என்றால் விவாதமே வேண்டாம். சட்டத்தின் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். இணைப்புப் பக்கமாக இருந்து நகம் தட்டினால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு குட்டி யானைதான் கதி. முன்சக்கரத்தைக் கழற்றிக் குறுக்குக் கோணத்தில் வைத்தால் அடங்கும். கியர் இருக்கும் வலது பக்கம் மேலே இருக்கட்டும். கட்டும் கயிறு கேபிளை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை பேசும்போதே "சைக்கிள்தான், ஆனா நீளம்" என்று சொல்லிவிடுங்கள், வந்து பார்த்த பிறகு பேசினால் விலை ஏறும்.

ரிப்பேர் பார்க்கிறப்போ ரெண்டு பேருக்கும் சண்டை வராதா?

வரும். "அப்பவே சொன்னேனே" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "நீ எப்பச் சொன்ன" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல். கீழக்கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சருக்காக முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்திருக்கிறோம். பிறகுதான் தெரிந்தது, காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கருவிப் பையில் கடலைமிட்டாய் வைக்கிறோம். நெம்பை எடுப்பதற்கு முன்னால் அதை எடுப்போம்.